வீட்டுக்குப் படிக்க அனுமதி

நப்பின்னை வாசல்படிக்கு வெளியே செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போதே அடுக்களையில் இன்னொரு நப்பின்னை முட்டை உடைக்கத் தொடங்கியிருந்தாள்.

"ஏட்டி, வெள்ளக்கருல மஞ்சள் ஒரு சொட்டு விழுந்துறப்படாது, பாத்துக்க" என்றது சேந்தனின் குரல்.

"எனக்கே சொல்லித்தாரீகளாக்கும்! பேசாம முந்திரிய அரைங்க" என்றது உள்ளேயிருந்த குரல். தொடர்ந்து இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"நான் போயிட்டு வாறேன்" என்று நப்பின்னை வாசலிலிருந்து சொன்னாள்.

"ம்" என்றான் சேந்தன்.

வெறும் "ம்". தாலி கட்டினவளுக்கு ஒரு "ம்", அங்கே நிற்கிறவளுக்கு அத்தனை சிரிப்பு. நப்பின்னைக்குப் பொறாமையென்றால் அப்படியொரு பொறாமை. அதுவும் யார்மேல்? தன்மேலேயே! வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும்.

தூத்துக்குடியில் இப்போதெல்லாம் யாரும் வீட்டைவிட்டு முழுதாகக் கிளம்புவதில்லை. வேலைக்குப் போகிறவர் ஓர் இடையாளை விட்டுவிட்டுத்தான் போகிறார். ஒவ்வொருவருடைய நினைவுகளும் கோப்புக் கோப்பாக நினைவகத்தில் கிடக்கின்றன. காலையில் அவரவர் எழுதிவைத்த கட்டளைக்கோவை ஓடுகிறது. அது அந்தக் கோப்புகளைப் படித்து ஒரு தற்காலிக மனத்தை உண்டாக்கி, வெளியாள் புகுந்துவிடாதபடி யாரும் ஊகிக்க முடியாத ஒரு பெயரை அதற்கு வைத்து, வீட்டிலிருக்கும் கூட்டுக்குள் ஏற்றிவிடுகிறது. கூடு என்பது அவரவர் முகத்தோடும் கைகாலோடும் வார்த்த செயற்கை உடம்பு. மாலையில் சொந்தக்காரர் வாசல்படி மிதித்ததும் கோவையின் கடைசி வரி வேலை செய்யும். துடைப்பு வரி என்று அதற்குப் பெயர். மின்சாரம் போனாலும் சரி, கோவை பாதியில் முறிந்தாலும் சரி, அந்த வரி மட்டும் ஓடியே தீரும். இடையாள் இருந்த தடமே இல்லாமல் துடைத்துவிடும். ஒரே ஆள் ஒரு வீட்டில் இரண்டு பேராக நிற்கக் கூடாது என்பது சட்டம்.

ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று வட்டங்கள் உண்டு: தான், வீடு, ஊர். எந்த வட்டத்தில் இருப்பவர் அதைப் படிக்கலாம், எந்த வட்டத்தில் இருப்பவர் அதில் எழுதலாம் என்பதைச் சொந்தக்காரர்தான் தீர்மானிக்க வேண்டும். இடையாளுக்கு "தான்" வட்டம் கிடையாது. கொடுத்தால் அது பத்திரத்தில் கையெழுத்தே போட்டுவிடும் அல்லவா! அதனால் இடையாள் எப்போதும் "வீடு" வட்டத்தில்தான் இருக்கும். வீட்டார் படிக்கலாம் என்று விட்ட கோப்புகளை மட்டுமே அது படிக்கும்.

நப்பின்னையின் தொல்லை அங்கேதான் தொடங்கியது. அவள் தன் மனத்தாங்கல்களையெல்லாம் "கசப்பு" என்ற ஓர் அடுக்கில் போட்டு, தான் மட்டும் படிக்கிறபடி பூட்டி வைத்திருந்தாள். வீட்டுச் சண்டையை வேலைக்காக வைத்த இடையாள் ஏன் சுமக்க வேண்டும் என்ற பெருந்தன்மைதான். அதனால் என்ன ஆயிற்று? அந்த அடுக்கு இல்லாத நப்பின்னை ஒருத்தி தினமும் காலையில் பிறந்தாள். கோபமே தெரியாதவள். சேந்தன் வெள்ளைக்கருவும் முந்திரியும் சேர்த்து மக்ரூன் சுடும்போது பக்கத்தில் நின்று, அவன் மூக்கில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துவிட்டு, பழைய கதைகளுக்கெல்லாம் புதிதாகச் சிரிப்பவள். கல்யாணமான புதிதில் இருந்த அதே நப்பின்னை.

கசப்பு அடுக்கில் கிடந்தது எல்லாமே சில்லறை விஷயம்தான், ஒன்றைத் தவிர. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புயல் நாளில் நாகர்கோவிலிலிருந்து வீட்டுக்கு அழைப்பு வந்தது. நப்பின்னை அய்யா என்று கூப்பிடுகிற அவள் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நப்பின்னை அப்போது கடற்காற்றாலை நிலையத்தில், ஒவ்வொரு ஆலையாக நிறுத்திக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அழைப்பை எடுத்த சேந்தன் அவளிடம் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்த பிறகுதான் சொன்னான். அவள் போய்ச் சேர்ந்தபோது அய்யாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

"நீ அன்னைக்கு எழுந்து போயிருந்தா பாதி ஊரு இருட்டாயிருக்கும். உன் நல்லதுக்குத்தான் சொல்லல" என்பான் சேந்தன். எத்தனை முறை கேட்டாலும் அதே பதில். தப்பு என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நப்பின்னை இத்தனை வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தாள். அது வந்துவிட்டால் கசப்பு அடுக்கையே அழித்துவிடுவாள். சத்தியமாக அழித்துவிடுவாள்.

நிலையத்தில் அவளுக்குப் பக்கத்து இருக்கை பிலோமினாவுடையது. வயதில் மூத்தவள், வாய் சும்மா இருக்காதவள்.

"என்னட்டி, மூஞ்சிய இப்படி வச்சிருக்க? வீட்ல ரெண்டாந்தாரம் எப்படி இருக்கா?" என்று கேட்டாள் பிலோமினா.

"அக்கா, நீங்க வேற. காலையிலேயே சிரிப்பாணி அள்ளுது அங்கன."

"நீதானட்டி அது. சாயங்காலம் பகல் சேத்தா எல்லாம் உனக்குத்தான வருது?"

பகல் சேர்த்தல் என்றால், இடையாள் பகலில் வாழ்ந்ததை அழியும் முன் சொந்தக்காரரின் நினைவகத்தில் எழுதிவிட்டுப் போவது. ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

"அத நிறுத்தியாச்சு" என்றாள் நப்பின்னை. "போன மாசமே எழுதுற அனுமதிய எடுத்துட்டேன்."

பிலோமினா நாற்காலியைத் திருப்பினாள். "எதுக்கு?"

"பெறவு என்னக்கா? அவுக ரெண்டு பேரும் குலாவுனது என் மண்டையில ஏறுது. என் கைதான் அவர் மூக்கத் தொடைக்கு, என் வாய்தான் சிரிக்கு. ஆனா சாயங்காலம் நான் போய் முன்னால நின்னா, மனுஷன் 'ம்'ங்காரு. அவ சந்தோஷத்த நான் எதுக்குச் சுமக்கணும்?"

"சவத்த விடுட்டி. நாளைக்கு ஏதாவது நல்லது நடந்து, அத எழுத முடியாமப் போச்சுன்னா?"

"அங்கன எனக்கு என்ன நல்லது நடக்கப்போவுது?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள் நப்பின்னை.

ஆனால் நெஞ்சு ஆறவில்லை. இடையாளின் சிரிப்பைத் தன்னிடம் வராமல் தடுத்தாயிற்று. சிரிப்பை நிறுத்த முடியவில்லையே! மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது அந்த யோசனை வந்தது. கசப்பு அடுக்கைத் திறந்துவிட்டால் என்ன? அவளும் கொஞ்சம் படிக்கட்டுமே. அய்யா கோப்பைப் படித்துவிட்டு எப்படி மூக்கைத் துடைத்துவிடுகிறாள், பார்ப்போம். சேந்தனும் ஒரு மத்தியானமாவது வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும்.

சோற்றுக் கையைக் கழுவக்கூட இல்லை. இடது கையாலேயே கட்டளையைத் தட்டினாள். கசப்பு அடுக்குக்கும் அதற்குள் இருக்கிற அத்தனை கோப்புக்கும், வீட்டுக்குப் படிக்க அனுமதி. ஓடும் இடையாளுக்கு அது உடனே தெரியும்.

இங்கேதான் அவள் கோட்டை விட்டாள். நிலையத்தில் இதே தவறைச் செய்த எத்தனை புதுக் கட்டளை எழுத்தர்களை அவள் கிழி கிழியென்று கிழித்திருக்கிறாள்! "ஒருத்தருக்காக வட்டத்தத் தெறக்காதீக, வட்டத்துல வேற யாரு இருக்கான்னு எண்ணிட்டுத் தெறங்க" என்று பாடம் எடுத்தவள் அவள். வீடு என்றால் கூட்டுக்குள் இருப்பவள் மட்டுமா? அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்து முந்திரி அரைத்துக்கொண்டிருந்தவனும் வீடுதான். பொறாமை கண்ணை மறைத்ததில் புருஷன் கணக்கில் வராமல் போய்விட்டான்.

"அக்கா, அரை நாள் லீவு போட்டுட்டேன். தலவலி" என்றாள் பிலோமினாவிடம். தலைவலியாவது, மண்ணாவது! சண்டையை நேரில் பார்க்கத்தான் அந்த ஓட்டம்.

தெருமுனையிலேயே கருகல் வாடை அடித்தது. அவள் வீட்டிலிருந்துதான். சேந்தன் மக்ரூனைக் கருகவிட்டு அவள் பார்த்ததில்லை. சபாஷ், ஆரம்பமாகிவிட்டது என்று நினைத்தபடி வாசலுக்குப் போகாமல் பக்கச் சந்தில் புகுந்து, அடுக்களை ஜன்னல் கண்ணாடியில் எட்டிப் பார்த்தாள்.

சண்டை எதுவும் நடக்கவில்லை.

சேந்தன் தரையில் உட்கார்ந்திருந்தான். எதிரே அவள், அந்த இன்னொருத்தி. அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். தோள் குலுங்கியது. அவன் வாய் அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. கண்ணாடி மூடியிருந்ததால் ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. இன்னொருத்தியும் அழுதாள். பிறகு அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

நப்பின்னைக்கு உச்சந்தலைவரை எரிந்தது. அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை. தன் அம்மா செத்தபோதுகூட அவன் அழவில்லை. அந்த அழுகையை எவளோ ஒருத்தி, சாயங்காலத்தோடு துடைத்துப் போடுகிற ஒரு தற்காலிகம், தோளில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்!

ஒரே ஓட்டமாக வாசலுக்கு வந்து கதவைத் தள்ளினாள். இன்னொருத்தி திரும்பிப் பார்த்தாள். வராதே என்பதுபோல் கையை உயர்த்தினாள். "படியில கால் வைக்காத, ஒரு நிமிஷம், நான் சொல்லுததக் கேட்டுட்டு..." என்று கத்தினாள்.

நப்பின்னை படியை மிதித்துவிட்டாள்.

உயர்த்திய கை மெல்ல இறங்கியது. கூட்டின் கண்கள் மூடிக்கொண்டன. சேந்தனின் கைகளுக்குள் இருந்த விரல்களில் பிடி போய்விட்டது.

"ஐயோ, பாவி! ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா!" என்று அலறினான் சேந்தன்.

"ஏன், கொஞ்சினது பத்தலையாக்கும்?"

"கொஞ்சவா செஞ்சோம்? உன் அய்யா கோப்பு வீட்டுத்திரையில திடீர்னு தெறந்து நின்னுச்சு. நான் படிச்சேன். அவளும் படிச்சா."

நப்பின்னை வீட்டுத்திரையைத் திரும்பிப் பார்த்தாள். தான் செய்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீங்களா படிச்சீக?"

"படிக்கல. உன் நெனப்புக்குள்ளயே போயிட்டேன்னு வச்சிக்க." அவன் சட்டையால் கண்ணைத் துடைத்தான். "நாகர்கோவில் பஸ்ல கண்ணாடியில நெத்திய வச்சிட்டே போனியே. அந்தக் கண்ணாடி என் நெத்தியில குளுந்துச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல செருப்பு அந்து, ஒத்தச் செருப்போட ஓடினியே. இத்தன வருஷம் எனக்கு இது தெரியாதேட்டி. நான் செஞ்சது எவ்வளவு பெரிய பாவம்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. தப்புதான்னு சொன்னேன். நல்லதுக்குன்னு சொன்னதெல்லாம் பொய்யின்னேன். புயல்ல வெளிய வர நான்தான் பயந்தேன், உன்னக் கூட்டிட்டுப் போக எனக்குத் துணிச்சல் இல்லன்னு சொன்னேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"அவகிட்ட. அவ மன்னிச்சிட்டா."

"மன்னிச்சிட்டாளா?" நப்பின்னையின் குரல் உடைந்தது. "யாரக் கேட்டு மன்னிச்சா? என் அய்யா. என் கோவம். அத மன்னிக்க அவ யாரு?"

"நீதானட்டி அவ!"

"நான் இல்ல! நான் வெளிய சந்துல நின்னேன்!"

கருகிய மக்ரூனின் புகை அடுக்களையில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அவ உனக்கு எழுதி வைக்கத்தான் பாத்தா" என்றான் சேந்தன் மெதுவாக. "இது அவளுக்குப் போய்ச் சேரணும், இதுக்காகத்தான் அவ இத்தன வருஷம் உயிர வச்சிருக்கான்னு சொன்னா. எழுதப் போனா, அனுமதி இல்லன்னு வந்துச்சு. திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தா. வேற எங்கயாவது எழுதி வைக்கலாம்னா, அவ எழுதுறது எல்லாத்தையும் துடைப்பு வரி தேடிப்பிடிச்சுத் துடைச்சிருமாமே. அப்ப வாசல்லயே அவள நிப்பாட்டி வாயால சொல்லிருதேன்னு இருந்தா. அதுக்குள்ள நீ வந்துட்ட. எழுத ஏன் அனுமதி இல்ல? என்ன பண்ணி வச்சிருக்க?"

நப்பின்னை எப்படிச் சொல்வாள்? அவள் சிரிப்பு எனக்கு வேண்டாம் என்று நான்தான் பூட்டினேன் என்றா?

"சரி. இப்ப என்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

"என்னத்த?"

"அவகிட்ட சொன்னத."

சேந்தன் அவளைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான். "தப்புதான். அன்னைக்கு உன்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றான். சொல் குறையவில்லை. ஆனால் மாவு தீர்ந்த பாத்திரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருந்தது. அவனுக்கே அது தெரிந்தது. எழுந்து போய் வீட்டுத்திரையில் அய்யா கோப்பை மறுபடி திறந்து, முதலிலிருந்து படித்தான். பஸ் கண்ணாடி இந்த முறை நெற்றியில் குளிரவில்லை. முடிவு தெரிந்த கதையைப் படிப்பதுபோல் இருந்தது. அழுகை வரவில்லை.

"நாளைக்குச் சொல்லுதேன். இன்னைக்கு என்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல" என்றான்.

நப்பின்னை முகத்தைத் திருப்பிக்கொண்டு கருகிய தட்டுகளைத் தேய்க்கப் போனாள். வெறும் உடம்பாகச் சுவரில் சாய்ந்திருந்த கூட்டின் கன்னத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. அது சேந்தனுடையது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. செத்துப்போன சக்களத்தியிடம் என்னவென்று சண்டை போடுவது?

மறுநாள் காலையில் அவளுக்கு ஒரு துணிச்சல் வந்தது. கட்டளைக்கோவையை ஓடவிடவில்லை. சேந்தன் குளித்துக்கொண்டிருந்தபோது கூட்டை மச்சு அறைக்குள் வைத்துப் பூட்டினாள். கூட்டுக்கென்றே இருந்த பச்சைச் சேலையைத் தான் கட்டிக்கொண்டாள். வாசலில் நின்று "போயிட்டு வாறேன்" என்று உரக்கச் சொன்னாள். குளியலறையிலிருந்து "ம்" என்று வந்தது. கதவைச் சாத்திவிட்டுச் சந்து வழியாகப் பின்கதவுக்கு வந்து, அடுக்களையில் முட்டைக் கூடைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

நேற்று இங்கே நின்றவளுக்குக் கிடைத்த வார்த்தை, இன்று இங்கே நிற்கிறவளுக்கும் கிடைக்கும். அவள் கணக்கு அவ்வளவுதான்.

சேந்தன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது, உடனே வாடியது.

"வந்துட்டியா?" என்றான்.

"வந்துட்டேன்." நப்பின்னை முட்டையைக் கையில் எடுத்தாள். "கசப்பு அடுக்கு தெறந்து கெடக்கு. அய்யா கோப்பப் படிச்சேன். நீங்க என்கிட்ட ஏதும் சொல்லணுமா?"

சேந்தன் துண்டைக் கொடியில் போட்டான். ஸ்டூலை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். அவளை வெகுநேரம் பார்த்தான்.

"நீ புதுசு" என்றான் கடைசியில். "உனக்குத் தெரியாது. நேத்து இங்க ஒருத்தி இருந்தா. எல்லாத்தையும் அவகிட்ட சொல்லிட்டேன். அவ என்னைய மன்னிச்சா. அவ போயிட்டா."

"நானும் அவதான்" என்றாள் நப்பின்னை.

"இல்லம்மா. நீ அவ இல்ல. அவளா இருந்தா என்கிட்ட இந்தக் கேள்வியக் கேக்க மாட்டா." அவன் குரல் கோபமாக இல்லை, களைப்பாக இருந்தது. "சாயங்காலம் ஒருத்தி வந்து சொல்லுங்குதா. காலையில ஒருத்தி வந்து சொல்லுங்குத. நாளைக்கு இன்னொருத்தி வந்து கேப்பா. ஒரு மனுஷன் ஒரு தப்புக்கு எத்தன பேருகிட்டதான் அழுவான்?"

முட்டை அவள் கையிலிருந்து நழுவித் தரையில் உடைந்தது. நப்பின்னை அழுதாள். ஏழெட்டு வருஷம் அழாமல் வைத்திருந்த அழுகை. சேந்தன் பதறி எழுந்து வந்தான். தோளில் சாய்த்துக்கொண்டான். முதுகைத் தடவிக்கொடுத்தான். அவள் ஆசைப்பட்ட அதே தோள், அதே கை. இத்தனை வாஞ்சையாக அவன் தன்னைத் தொட்டு எத்தனை காலமாயிற்று என்று நினைத்தபோது, அந்தப் பச்சைச் சேலைக்காரிமேல் மறுபடியும் பொறாமை மூண்டது.

"அழாத பிள்ள, அழாத" என்றான் சேந்தன். "சாயங்காலம் அவ வாறதுக்குள்ள மூஞ்சியக் கழுவிரு. உன்ன இப்படிப் பாத்தான்னா அவளுக்குத் தாங்காது."

"சரி" என்றாள் நப்பின்னை.